நண்பனுக்கே அடையாளம் தெரியாத வேடம்



திருப்பதி போய் மொட்டை போட்டு வந்தவரைத் தெருவில் பார்க்கிறோம். சட்டென்று யாரென்று தெரிவதில்லை, இல்லையா?

இதே மாதிரி ஒன்று 1810ஆம் ஆண்டு நடந்தது. நெப்போலியன் பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்துவிடுவாரோ என்று ஆங்கிலேயருக்குப் பயம். அந்த வழியில் பாதை எது, தண்ணீர் எங்கே? வேவு பார்க்கக் கிளம்பினார்கள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இரண்டு அதிகாரிகள். ஒருவர் கிறிஸ்டி. இன்னொருவர் ஹென்றி பாட்டிஞ்சர், வயது 20தான்.

குதிரை வியாபாரியின் ஆட்கள் என்று வேடம். பலுசிஸ்தானத்தில் நுஷ்கி என்ற ஊரில் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். பாட்டிஞ்சர் பாலைவனம் தாண்டினார். கண்டதை யாருக்கும் தெரியாமல் குறித்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து, பாரசீகத்தின் இஸ்பஹான் நகரம். இருட்டில் இருவரும் சந்தித்தார்கள். பேசவும் செய்தார்கள். ஆனாலும் இன்னார் என்று தெரியவில்லை! சிறிது நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அப்புறம் என்ன, கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

நண்பனுக்கே தெரியவில்லை. அதுதான் வேடம்!

அந்த இளைஞர் பாட்டிஞ்சர்தான் பிற்காலத்தில் நம் சென்னை மாகாணத்துக்கே கவர்னராக வந்தார். வந்தது வேடத்தில் அல்ல, சொந்தப் பெயரில்!