பூழியில் வண்டி, பின்னால் ஒரு வீடு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



அரைப் பரீட்சை லீவில் நம் குடியிருப்பிலிருந்து நாலைந்து குடும்பங்கள் ராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இரண்டு இரவு தங்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல விஷயம். இரண்டு வீட்டார் சேர்ந்து வாங்கிய கேம்பர் ட்ரெய்லரும் கூட வருகிறதாம். தார் ரோட்டிலிருந்து தோப்புக்குள்ளே ஏறக்குறைய 300 மீட்டர் வெறும் பூழி. ‘ஃபோர் வீல் டிரைவ்தானே, இழுத்துரும்’ என்று லிஃப்டில் ஒரு தம்பி சொன்னார். அதனால்தான் செயலாளரிடம் கேட்டு இந்தப் பதினைந்து நிமிடத்தை வாங்கிக்கொண்டேன்.

நான் ஓமானில் பல வருஷம் சர்வே கம்பெனி ஒன்றில் வண்டி ஓட்டினவன். கூடாரம், தண்ணீர் டாங்க், ஆட்கள் தூங்குகிற சக்கரம் வைத்த கேபின், இதையெல்லாம் மணலுக்குள் இழுத்துப் போவதுதான் வேலை. அதில் தெரிந்துகொண்ட முதல் விஷயம், மணலில் ஜெயிப்பது என்ஜின் இல்லை, டயரில் இருக்கிற காற்று.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்களும் சாமானும் சேர்த்து உங்கள் வண்டி 1,800 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 450 கிலோ. டயரில் 34 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அந்த 450 கிலோவும் தரையில் உட்காருகிற இடம் ஏறக்குறைய 190 சதுர சென்டிமீட்டர். விரித்து வைத்த ஒரு கையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். காற்றை 17-க்கு இறக்கினால் அந்த இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. டயரின் பக்கச்சுவர் விறைப்பைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் போகிற போக்கு இதுதான். டயர் அகலத்தில் ரொம்பக் கூடுவதில்லை, நீளத்தில்தான் கூடும். நீளமாகப் படிந்தால் மணலை வெட்டாமல் மேலே நடக்கும். ஒட்டகத்தின் காலடியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ரால்ஃப் பாக்னோல்டு என்று ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றினவர். அவற்றில் நாலு சக்கர ஓட்டமும் கிடையாது. டயர் காற்றை இறக்குவது, புதைந்த சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு ஏற்றுவது, இதையெல்லாம் முறையாகச் செய்துகாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். பிறகு காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்து 1941-ல் புத்தகமும் எழுதினார். நமக்கு இரும்புத் தகடு வேண்டாம். தென்னந்தோப்பில் மட்டைக்கு என்ன பஞ்சம்?

இனி ட்ரெய்லருக்கு வருகிறேன். பாதிப் பேர் கோட்டை விடுகிற இடம் இது. காரின் நாலு டயரிலும் காற்றை இறக்குவார்கள், ட்ரெய்லரின் இரண்டு டயரை அப்படியே விட்டுவிடுவார்கள். 900 கிலோ ட்ரெய்லர் என்றால், கொக்கியில் விழுகிற பாரம் போக, அதிலும் ஒரு சக்கரத்துக்கு 400 கிலோவுக்கு மேல் நிற்கிறது. கார்ச் சக்கரமாவது தானே சுற்றி முன்னே போகும். ட்ரெய்லர்ச் சக்கரத்துக்கு என்ஜின் இல்லை, அது இழுபடுகிறது. இழுபடுகிற ஒடுக்கமான சக்கரம் பூழியில் என்ன செய்யும்? ஏர் பூட்டின மாதிரி உழும். பின்னால் ஏரைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டினால் எந்தக் காரும் நிற்கத்தான் செய்யும். ஆறு டயரிலும் ஒன்றுபோல் இறக்குங்கள். 18-ல் ஆரம்பியுங்கள். போதவில்லை என்றால் 15. அதற்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரலாம். சிக்கிக்கொண்டால் மட்டும், நேராக மெதுவாக வெளியே வருவதற்கு 12 வரை போகலாம்.

இன்னொன்று, ட்ரெய்லர்ச் சக்கரங்களின் இடைவெளி காரின் இடைவெளியோடு பொருந்தினால், கார் அமுக்கி வைத்த தடத்திலேயே ட்ரெய்லரும் வரும். பொருந்தாவிட்டால் அது தனக்கென்று இரண்டு புதுத் தடம் வெட்டும், இழுக்கிற பாரம் அந்த அளவுக்குக் கூடும். போகுமுன் டேப் வைத்து அளந்து பாருங்கள். பொருந்தவில்லை என்றால், தார் ரோட்டு ஓரத்திலேயே தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் இறக்கி இன்னொரு நடையில் கொண்டுபோவது புத்தி. 20 லிட்டர் கேன் பத்து இருந்தால் அதுவே 200 கிலோ.

முன்பக்கம் அந்த முக்கோணச் சட்டத்தையும் அதிலுள்ள சின்னச் சக்கரத்தையும் பாருங்கள். சின்னச் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள், அல்லது நன்றாக மேலே தூக்கிப் பூட்டுங்கள். கார் பின்பக்கம் புதைந்தால் கொக்கி தாழும், கொக்கி தாழ்ந்தால் சட்டம் மணலில் உட்காரும். அப்புறம் வயலில் பரம்படிக்கிற மாதிரி மணலை முன்னால் தள்ளிக்கொண்டே வரும். பின்னால் ஒருத்தர் நடந்து வந்து, சட்டம் மணலைத் தொடுகிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். அவர் பக்கவாட்டில், எட்டி நடக்க வேண்டும்.

ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபோர்-லோ போடுங்கள், இரண்டாம் அல்லது மூன்றாம் கியர், ஒரே சீரான வேகம். ஆக்ஸிலரேட்டரை ஏற்றி இறக்கி விளையாடக் கூடாது. டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள், மணலில் அது பவரை வெட்டிவிடும். வளைவை அகலமாக எடுங்கள். நிற்க வேண்டுமென்றால் பிரேக்கை மிதிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள், பிரேக் போட்டால் டயருக்கு முன்னால் மணல் குவியும். முடிந்தால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறப்பதற்கு முன்னால் தனுஷ்கோடிக்கு வேனில் போனவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். அந்த டிரைவர்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பழைய தடத்தை விட்டு விலக மாட்டார்கள், ஈர மணல் கிடைத்தால் அதில்தான் போவார்கள், காய்ந்த மணலில் யாராவது ‘போட்டோ எடுக்கணும், நிறுத்துங்க’ என்றால் காதில் வாங்கவே மாட்டார்கள். காலை நேரத்தில் பனி ஈரத்தில் பூழி கொஞ்சம் இறுகிக் கிடக்கும், உச்சி வெயிலில் காய்ந்து குழைந்து போகும். அதனால் பத்து மணிக்குள் தோப்புக்குள் போய்விடுங்கள்.

அப்படியும் புதையும். புதைவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே காலை எடுங்கள். இன்னும் நாலு சுற்று சுற்றினால் ஆக்ஸில் வரைக்கும் இறங்கிவிடும், கிளட்ச் வாசம் வேறு வரும். ட்ரெய்லர் இல்லாவிட்டால் வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துவிடலாம். ட்ரெய்லரோடு பூழியில் ரிவர்ஸ் எடுத்தால் அது மடங்கிக்கொள்ளும். ஆகவே ட்ரெய்லர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ட்ரெய்லரைக் கழற்றிவிடுங்கள். சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி, மட்டை போட்டு, காரை மட்டும் கெட்டித் தரைக்குக் கொண்டுபோங்கள். அங்கே நின்று நீளமான பெல்ட்டில் ட்ரெய்லரை இழுங்கள். மட்டை போடும்போது சக்கரத்துக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம், சுற்றுகிற சக்கரம் மட்டையைப் பின்பக்கம் வீசி அடிக்கும்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் மேடை கேட்ட காரணம். தயவுசெய்து போனைக் கீழே வையுங்கள்.

காருக்குப் பின்னால் ட்ரெய்லர் மாட்டுகிற உருண்டை இருக்கிறதே, டோ பால், அதில் பெல்ட்டோ சங்கிலியோ மாட்டிப் புதைந்த வண்டியை இழுக்கவே கூடாது. அது உருளுகிற ட்ரெய்லரைச் சீராக இழுப்பதற்குச் செய்தது. புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது வருகிற பலத்துக்கு அதன் கழுத்து முறியும். முறிந்தால் இழுபட்ட பெல்ட் ரப்பர் மாதிரிச் சுருண்டு, அந்த இரும்புக் குண்டைத் துப்பாக்கித் தோட்டா மாதிரி எறியும். ஆஸ்திரேலியாவில் இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள், கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்தவர்மேல் பாய்ந்திருக்கிறது. ஓமானில் எங்கள் கேம்பில் ஒரு ஷேக்கிள் தெறித்து, நின்றிருந்த பிக்கப்பின் பின்கண்ணாடி வழியாகப் போய் டேஷ்போர்டில் குத்தி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சீட்டில் ஆள் இல்லை. அன்றைக்கு ராத்திரி எங்களில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

காரின் பம்பரில் திருகி மாட்டுகிற சின்ன வளையமும் இதற்கு உதவாது. அது ரிப்பேரான காரை ரோட்டில் மெதுவாக இழுத்துப் போக. சேசிஸில் போல்ட் போட்டு, தாங்கும் எடை குறித்த ரெக்கவரி ஹூக்கில்தான் மாட்ட வேண்டும். உங்கள் வண்டியில் அது இல்லையென்றால் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள், டிசம்பரில் தோப்பில் நின்று யோசிக்க வேண்டாம்.

நம்ம ஊரில் பெரும்பாலும் கடைசியில் யாராவது ஒரு டிராக்டரைக் கூப்பிடுவோம். கரையில் வள்ளம் இழுக்கிற டிராக்டர்காரர்களுக்கு மணல் அத்துப்படி, நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அவர் கொண்டு வருவது இரும்புச் சங்கிலி. எங்கே மாட்டுவது என்று உங்களைத்தான் கேட்பார். உருண்டையைக் காட்டாதீர்கள், ஹூக்கைக் காட்டுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், மெதுவாக இறுக்கி இழுங்கள் அண்ணாச்சி என்று சொல்லுங்கள். சங்கிலிமேல் நனைத்த கனமான சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் வேகத்தைக் குறைக்கும்.

பிள்ளைகளை என்ன செய்வது? வண்டி புதைந்தால் பிள்ளைகளுக்குத் திருவிழா. எல்லாரும் சுற்றி நிற்பார்கள், ஒருவர் வீடியோ எடுப்பார், வீடியோ எடுப்பவர் சரியாக இழுக்கிற கோட்டுக்கு நேராகத்தான் நிற்பார். பெல்ட்டின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு தூரம், அதுவும் பக்கவாட்டில், அங்கேதான் எல்லாரும் நிற்க வேண்டும். இழுபடுகிற வண்டியில் ஓட்டுபவரைத் தவிர ஒருவரும் இருக்கக் கூடாது. பிள்ளைகளை அந்த நேரத்துக்குத் தோப்பின் மறுபக்கம் அழைத்துப் போக ஒரு அக்காவை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

‘தோப்பிலிருந்து அப்படியே கடற்கரைக்கு ஓட்டிப் போகலாமா?’ என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி. வெளிநாட்டு வீடியோக்களில் காண்கிற அகலமான கெட்டி மணல், கடல் ஏற்ற இறக்கம் பல அடி இருக்கிற கரைகளில் கிடைப்பது. நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், கரையோ சரிவு. ஈர மணலில் ஓட்டுகிறேன் என்று போனால் அடுத்த அலை சக்கரத்தில் இருக்கும். அதோடு கள்ளக்கடல் இருக்கிறது. காற்று, மழை ஒன்றும் இல்லாமல், எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பின அலை வந்து திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் போனது நமக்கு மறந்திருக்காது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. புறப்படுகிற அன்று காலையில் அதைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கடலில் கால் நனைக்கவும் வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரியிலிருந்து பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுகிற காலம். டயர்த் தடம் ஒரு சாண் ஆழம் இருந்தால் போதும், பொரித்து வருகிற குஞ்சு அதற்குள் விழுந்து ஏறத் தெரியாமல் வெயிலில் காய்ந்துபோகும். சட்டப்படி அது புலிக்குச் சமமான பாதுகாப்பு உள்ள பிராணி.

தேரியில் ஓட்டிப் பார்க்கிற ஆசையும் சிலருக்கு இருக்கிறது. குதிரைமொழித் தேரி வனத்துறையின் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி விட முடியாது. கற்குவேல் அய்யனார் கோவிலுக்குப் போகிறவர்கள் ரோட்டை விட்டு இறங்காமல் நிறுத்துங்கள், செம்மண் தேரி பார்க்கக் கெட்டியாகத் தெரியும், உள்ளே மாவு.

தோப்பிலிருந்து திரும்பித் தார் ரோட்டில் ஏறினவுடன் ஆறு டயருக்கும் காற்று அடிக்க வேண்டும். 18 பி.எஸ்.ஐ.-யில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நாகர்கோவில் வரை வந்தால் டயர் சூடேறிக் கிழியும், பின்னால் ட்ரெய்லர் வேறு ஆடும். பங்கில் அடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பங்க் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதோ.

என்னிடம் 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்றும், நம்பகமான காற்றுமானி ஒன்றும் இருக்கின்றன. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பின்பக்க பார்க்கிங்கில் ட்ரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். காரும் வரட்டும். இடைவெளியை அளப்போம், ஹூக் எங்கே இருக்கிறது என்று படுத்துப் பார்ப்போம், காற்றை இறக்கி ஏற்றிப் பார்ப்போம். ட்ரெய்லரின் ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் எடுத்து வாருங்கள், அதற்கும் தனிப் பதிவு வேண்டும். ஓட்டப்போகிறவர் மட்டும் வந்தால் போதாது, கூடப் போகிற பெரியவர்கள் எல்லோரும் வரவேண்டும். டீ என் செலவு.