படித்ததும் பட்டதும்



அண்மையிற் படித்த நூல்களைப் பற்றிச் சில கூறுமாறு வானொலியார் என்னைக் கேட்டிருக்கின்றனர். நான் பண்டிதன் அல்லன், திறனாய்வாளனும் அல்லன். மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்ந்து, ஓய்ந்த வேளைகளிற் புத்தகம் புரட்டுபவன். ஆதலால் நான் சொல்லப்போவது தீர்ப்பு அன்று. மனத்திற் பட்டது மட்டுமே.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சுவாமி விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூலைப் புகழ்ந்து நான் பல மேடைகளிற் பேசியிருக்கிறேன். காரைதீவிற் பிறந்த அடிகளார் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதிய அந்நூல், 1947ஆம் ஆண்டு கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அவ்வாண்டு யூலை மாதத்திலேயே அவர் மறைந்தார். இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். சென்ற ஆண்டு அவ்வாறான பேச்சொன்றை முடித்துக்கொண்டு வீடு திரும்புகையில் என் பேர்த்தி கேட்டாள்: “அம்மப்பா, அந்தப் புத்தகத்த நீங்க வாசிச்சிருக்கீங்களா?” நான் மறுமொழி சொல்லாமல் வாவியைப் பார்த்தபடி நடந்தேன். உண்மையில் நான் அதனை வாசித்திருக்கவில்லை.

வெட்கம் உந்தவே நூலைக் கையில் எடுத்தேன். யாழுறுப்பியல் வரையில் ஒருவாறு நடந்தேன். வில்யாழ், பேரியாழ், சகோடயாழ் என்பனவெல்லாம் வழக்கொழிந்த கருவிகள். பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. பழம்பாட்டுக்களிற் சொற்கள் மட்டும் எஞ்சியிருந்தன. அச்சொற்களைக் கொண்டே அடிகளார் கருவியின் வடிவத்தைத் தேடிச் செல்கிறார். அந்த முயற்சி என்னைத் திகைக்க வைத்தது. ஆனாற் பாலைத்திரிபியலுக்கு வந்ததும் திணறிப்போனேன். அடிகளார் விஞ்ஞானமும் கணிதமும் கற்றவர். நானோ பின்னக் கணக்குக்கு அஞ்சுபவன். அயலிலுள்ள சங்கீத ஆசிரியை ஒருவர் வீணையை எடுத்து, தந்தியின் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஒலிக்கச் செய்தார். ஐந்தாம் நரம்பாகிய இளி கணீரெனப் பிறந்தது. ஒரு பக்கக் கணக்கு அக்கணமே என் காதுக்குப் புரிந்தது. மற்றப் பக்கங்கள் இன்னும் புரியவில்லை. ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: யாழ் நூல் என் போன்றவன் தனியே இருந்து படிக்கத்தக்க நூல் அன்று. பக்கத்தில் ஓர் ஆசிரியரும் ஓர் இசைக்கருவியும் வேண்டும். அடிகளாரின் உருவத்துக்கு நாம் சூட்டும் மாலைகள் அந்தக் குறையைத் தீர்த்துவிடா.

அடுத்துப் படித்தது மட்டக்களப்பு மான்மியம். ஏட்டுச் சுவடிகளிற் கிடந்த இதனை எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இற் பதிப்பித்தார். மண்முனையை ஆண்ட உலகநாச்சியார் கதையைச் சுவையோடு படித்தேன். ஆயின், மன்னர்களின் ஆண்டுக் கணக்கை என்னால் நம்ப இயலவில்லை. வரலாறு என்று எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் என்ன உரிமை என்று நம் முன்னோர் கருதினர் என்பதை அறிய விரும்புவோர்க்கோ இது பெரும் களஞ்சியம். ஒரு நூலை எதற்காகப் படிப்பது என்று தெரிந்துகொண்டு படிப்பதும் ஒரு பாடந்தான்.

மூன்றாவது, பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகம். இது 1964இல் வந்தது. என் தந்தையார் வைத்திருந்த பிரதி 1978 நவம்பர்ச் சூறாவளியில் நனைந்து ஊறிப்போயிற்று. நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்றே படித்தேன். நாட்டுப் பாடல்கள், கூத்து, கண்ணகி வழிபாடு ஆகியவற்றைப் பற்றிய பக்கங்களிற் பல நாட்கள் தங்கிவிட்டேன். வைகாசிக் குளுத்தியும் கொம்பு விளையாட்டும் என் சிறுபிராயத்தை மீட்டுத் தந்தன. குறையும் உண்டு. ஆசிரியருக்குத் தம் நாட்டின்மீதுள்ள காதல் சிலவிடங்களில் ஆராய்ச்சியை முந்திக்கொண்டு ஓடுகிறது. அதனை நான் மன்னித்துவிட்டேன். அந்தக் காதல் இல்லையேல் இத்தனையும் யார் திரட்டியிருப்பார்?

கடைசியாகப் படித்தது கவிஞர் நீலாவணன் அவர்களின் வேளாண்மை. பெரியநீலாவணையைச் சேர்ந்த அவர் 1975இல் மறைந்தார். அவர் முடிக்காமல் விட்ட இக்காவியம் 1982இல் நூலாகியது. எங்கள் பகுதியில் வேளாண்மை என்றால் நெற்செய்கை. அந்த வாழ்வை அந்த மண்ணின் பேச்சோடு பாடியிருக்கிறார். கதை நடுவழியில் நின்றுவிடுவது மனத்தை வருத்துகிறது.

இந்நூலைப் பேர்த்திக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பேச்சு வழக்கைக் கேட்டு முதலிற் சிரித்தாள். பின்னர்ப் பொருள் கேட்கத் தொடங்கினாள். வட்டை என்றால் என்ன, சூடு என்றால் என்ன, களவெட்டி எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல நேர்ந்தது. படுவான்கரையில் எருமைகளை வளைத்துச் சூடடித்த இரவுகளை நான் கண்டிருக்கிறேன். இப்போது இயந்திரம் வந்து பகலிலேயே வேலையை முடித்துவிடுகிறது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. உழைப்பவனின் இடுப்பு ஆறுகிறது. எனினும் அச்சொற்களை அறிந்தவர் அருகிவருகின்றனர். யாழ் போனபின் சொல் நின்றது. அடிகளார் ஒருவர் அதனைத் தேடி வந்தார். களவெட்டி போனபின்னும் சொல் நிற்கிறது. தேடி வருவார் யார்? அன்றிரவு என் பேர்த்தி அவற்றைத் தன் கொப்பியில் எழுதிவைத்தாள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு சொற்கள்.

நேயர்களே, ஈழத்து நூல்கள் பல்லாயிரம் இன்று ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திற் கிடைக்கின்றன. கிடைக்கவில்லை என்ற சாக்கு நமக்குக் குறைந்துவிட்டது. எங்கள் வாவியில் மீன் பாடும் என்பர். நிலவு நாளிற் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் இட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் அது கேட்கும் என்பது வழக்கு. கரையில் நின்று அதன் பெருமை பேசுபவனுக்கு அது கேட்பதில்லை. நானும் நெடுங்காலம் கரையில் நின்றவனே. நீங்கள் புகழ்ந்தும் படியாத நூல் ஒன்று உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கக்கூடும். இன்றிரவே அதனை எடுத்துப் பத்துப் பக்கம் படியுங்கள். புரியாவிட்டால், புரியவில்லை என்று சொல்லுங்கள், நூலாசிரியர் கோபிக்கமாட்டார்.