உலோகத் துகள்கள் அமரும் இடம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நான் எடுத்துக்கொண்ட பொருள் கண்ணுக்குப் புலப்படாதது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அவ்வளவில் சில மடங்கே உள்ள உலோகத் துகள்கள் எவ்வாறு வளர்கின்றன, எங்கே அமர்கின்றன என்பதே அது.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். மோட்டார் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதனை மாற்றித் தருவன, அலுமினியம் ஆக்சைடின் மேல் பரப்பிய பல்லேடியம், பிளாட்டினம் முதலிய உலோகங்களின் நுண்துகள்கள். வினை நிகழ்வது துகளின் மேற்பரப்பில்தான். வெப்பத்தால் துகள்கள் கூடிப் பருத்துவிட்டால் மேற்பரப்பு குறையும். விலையுயர்ந்த உலோகம் உள்ளே வீணாக அடைபட்டுக் கிடக்கும். ஆகவே துகளை அதன் இடத்தில் நிறுத்துவது எங்ஙனம் என்பதே கேள்வி.

ஆக்சைடின் மேல் விழும் உலோக அணு பெரும்பாலும் உடனே நிலைகொள்வதில்லை, அலைகிறது. ஆக்சைடைக் காட்டிலும் பிற உலோக அணுக்களையே வலுவாகப் பற்றுவதால், தாமரை இலைத் தண்ணீர் போலத் திரண்டு நிற்கிறது. பரப்பில் குறையுள்ள இடங்களே அதனைப் பிடித்து நிறுத்துகின்றன.

1981இல் சூரிக் நகருக்கு அருகில் பின்னிக், ரோரர் ஆகியோர் உருவாக்கிய நுண்ணோக்கி அணுக்களைத் தனித்தனியே காட்டவல்லது. ஆயினும் அதற்கு மின்னோட்டம் வேண்டும். ஆக்சைடோ மின்சாரத்தைக் கடத்தாது. உலோகத்தின் மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலத்தைப் படரவிட்டால் மின்னணுக்கள் ஊடுருவிச் செல்லும். அதுவே வழியாயிற்று.

படலத்தின் கனம் துகளின் வடிவையும் மாற்றும். மூன்று அடுக்கே உள்ள மக்னீசியம் ஆக்சைடின் மேல் பொன்னணுக்கள் தட்டையாகப் படர்ந்தன. எட்டு அடுக்கின் மேல் குவியலாயின. இது 2007இல் வெளிவந்த முடிவு. மெல்லிய படலத்தின் வழியே அடியிலுள்ள உலோகத்தின் மின்னணுக்கள் பொன்னைச் சென்றடைவதே காரணம்.

அதே ஆண்டு மற்றொரு விந்தையும் வெளிவந்தது. நிக்கல் அலுமினியக் கலவையின் மேல் படரும் அலுமினியம் ஆக்சைடுப் படலத்தில், ஏறத்தாழ 4.1 நானோமீட்டருக்கு ஒன்றாக, 0.4 நானோமீட்டர் அகலமுள்ள துளைகள் ஒழுங்காக அமைந்துள்ளன. ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு துளைகள். முதலில் பல்லேடிய அணுக்கள் அத்துளைகளில் புகுந்து நிலைகொள்கின்றன. பின்னர் இரும்பைத் தூவினால், அவற்றைப் பற்றிக்கொண்டு இரும்புத் துகள்கள் நட்ட நாற்றுப் போல வரிசையாக வளர்கின்றன.

இளைஞர்களே! குறை என்று எண்ணத்தக்க துளையே அங்கு ஒழுங்கிற்கு அடித்தளமாயிற்று. அதனைக் கண்டவர்கள் பொறுமையாக உற்று நோக்கியவர்கள். அப்பொறுமையை நீங்களும் பழகுங்கள்.