வகுப்பின் அளவும் மாணாக்கரின் ஊக்கமும்

பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க வரும் பெற்றோர் கட்டடத்தைப் பற்றி வினவுவர். பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றி வினவுவர். வகுப்பிலே எத்தனை பிள்ளைகள் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும், பிள்ளையின் கல்வியை நாள்தோறும் தொட்டு நிற்பது அந்தத் தொகையேயாகும்.

சிறு கணக்கொன்று பார்ப்போம். ஒரு பாடவேளை 40 நிமிடம். இடாப்பைக் கூப்பிடவும் பாடத்தை விளக்கவும் 25 நிமிடம் செல்லுமாயின், எஞ்சுவது 15 நிமிடம். 45 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 20 விநாடி கிடைக்கும். 20 பேர் உள்ள வகுப்பிலோ 45 விநாடி. 20 விநாடியில் விடை பிழையென்று கொப்பியிற் குறியிடலாம். அது எதனாற் பிழைத்தது என்று கண்டறிதல் அரிது. கைதூக்கும் பிள்ளையிடம் ஆசிரியரின் கண் தானே செல்லும். பின்வாங்கில் ஓசையின்றி இருக்கும் பிள்ளையோ குழப்பமும் செய்யாது, வினாவும் எழுப்பாது. ஆண்டிறுதியிலேதான் அதன் குறை வெளிப்படும்.

அமெரிக்காவின் ரெனசி மாநிலத்தில் 1985ஆம் ஆண்டு தொடங்கி நான்கு ஆண்டுகள் இவ்விடயம் சோதித்தறியப்பட்டது. 11,000க்கு மேற்பட்ட சிறார்கள் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரிக்கப்பட்டனர். சில வகுப்புகளில் 13 முதல் 17 பேர். சிலவற்றில் 22 முதல் 25 பேர். இன்னுஞ் சிலவற்றில் அதே பெருந்தொகையுடன் ஆசிரியருக்கு ஒரு துணையாளர். சிறுவகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னின்றனர். வறிய பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அடைந்த பயன் இன்னும் மிகுதி. துணையாளரால் விளைந்த பயனோ சிறிதே.

ஆயினும், தொகை குறைந்தமை மட்டுமே கல்வியாகிவிடாது. 15 பேரையும் 45 பேரைப் போலவே வரிசையில் இருத்தி, கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதச் செய்தால் விளையும் நன்மை யாது? பிள்ளையின் உள்ளத்தில் அறியும் விருப்பம் எழுதல் வேண்டும். அவ்விருப்பத்தைப் பரிசினால் விலைக்கு வாங்கலாமென நாம் எண்ணுகின்றோம். 1973இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள சிறு பிள்ளைகளுள் ஒரு சாராருக்கு, வரைந்தாற் பரிசு தரப்படுமென முன்கூட்டியே சொல்லப்பட்டது. பரிசு கொடுத்து முடிந்த பின்னர், ஓய்வு வேளையில் அப்பிள்ளைகளே மற்றையோரினும் குறைவாக வரைந்தனர். பரிசுகள் வேண்டாவென்பது என் கருத்தன்று. புலமைப்பரிசிற் பரீட்சைக்காக மட்டும் படித்த பிள்ளை, பரீட்சை முடிந்த மறுநாள் எதற்காகப் புத்தகத்தைத் திறக்கும் என்பதே என் வினா.

பெரிய வகுப்புடைய ஆசிரியர் செய்யக்கூடியது யாது? 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையில் ஆதரவற்ற சிறார் இல்லமொன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்பார், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் அந்நாட்டு வழக்கத்தைக் கைக்கொண்டு, இங்கிலாந்திலும் பரப்பினார். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறை அத்தகையது. இன்றும் ஐவர் ஐவராகப் பிள்ளைகளைக் குழுவாக்கலாம். நாளொன்றுக்கு ஒரு குழுவுடன் ஆசிரியர் அமர்ந்தால், 45 பேரையும் ஒன்பது நாளில் அணுகிவிடலாம். தன் பெயரைச் சொல்லி அழைத்து, தன் கொப்பியைப் பார்த்து, நேற்றையினும் இன்று திருந்திய ஓர் எழுத்தைச் சுட்டிக்காட்டும் ஆசிரியரைப் பிள்ளை எளிதில் மறவாது. ஊக்கம் அங்கேதான் முளைக்கின்றது.

பெற்றோருக்கும் ஒரு சொல். நாடு முழுவதற்கும் சராசரி பார்க்குமிடத்து, ஓர் ஆசிரியருக்கு 20 மாணாக்கர்கூட இலர். அவ்வாறாயின் நெரிசல் எங்கிருந்து வந்தது? பெயர்பெற்ற நகரப் பாடசாலைகளில் வாங்குகள் போதவில்லை. அயலிலுள்ள சிறு பாடசாலைகளிலோ வாங்குகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. ரெனசியிற் பெரும்பொருள் செலவிட்டு உண்டாக்கிய சிறுவகுப்பு, நம் கிராமத்துப் பிள்ளைக்கு வீட்டருகே உள்ளது. அங்கே கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் ஏற்ற ஆசிரியர் இல்லையென்றால், அதைக் கேட்டுப் பெறுதல் நம் உரிமை. பிள்ளையை விடியுமுன் பஸ் ஏற்றி, ஐம்பதாவது பிள்ளையாக இருத்துவதினும், அந்த உரிமைக்காக ஊரார் ஒன்றுகூடி ஒரு விண்ணப்பம் எழுதுதல் நலம்.