வயதான எலும்பும் கூடும்

(மருத்துவ முகாமில் எலும்பு முறிவு மருத்துவர் ஆற்றிய உரை)



முகாமுக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டாக்டர், உம்மாவுக்கு 80 வயசு. இந்த வயசுல எலும்பு கூடுமா?" கூடும். இளம் வயதின் வேகத்தில் கூடாது, அவ்வளவுதான்.

எலும்பு முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. அதற்குள் புது இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. மெத்தென்ற சதை, பிறகு குருத்தெலும்பு, அதன்பின் கெட்டி எலும்பு என்று படிப்படியாக ஒரு பாலம் உருவாகிறது. பிறந்த குழந்தையின் தொடை எலும்பு முறிந்தால் 3, 4 வாரத்தில் கூடிவிடும். பெரியவர்களுக்கு 3, 4 மாதம் ஆகும். வயது ஏற ஏற, எலும்பைப் போர்த்திய சவ்வில் புது எலும்பை உண்டாக்கும் உயிரணுக்கள் குறைகின்றன. இரத்தக் குழாய்களும் மெதுவாகத்தான் வளர்கின்றன. சர்க்கரையும் பீடி சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் தாமதம்.

வயதை மாற்ற நம்மால் முடியாது. முறிந்த இடம் எவ்வளவு அசைகிறது என்பது நம் கையில் இருக்கிறது. மெத்தென்ற சதை நன்றாக இழுபடும். கெட்டி எலும்போ நூற்றில் 2 பங்கு நீண்டாலே விட்டுவிடும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் பெர்ரன் என்ற அறிஞர் வகுத்த கணக்கு இது. முறிந்த இடம் ஆடிக்கொண்டே இருந்தால் அங்கே சதைதான் தங்கும், எலும்பு படியாது. அதற்காக இம்மியும் அசையக் கூடாது என்றும் இல்லை. இலேசான அசைவு புது எலும்பைத் தூண்டும். காலில் மாவுக்கட்டுப் போட்ட சிலரைச் சில வாரம் கழித்து ஊன்றி நடக்கச் சொல்வது அதனால்தான்.

மூங்கில் பட்டை வைத்துக் கட்டுகிற நாட்டு வைத்தியரும் அசைவைத்தான் குறைக்கிறார். அந்த அளவில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீங்கிவரும் கையை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இடுப்பில் முறிந்தால் அந்தக் கட்டுக்கு வேலையே இல்லை. எலும்பு சதைக்குள் ஆழத்தில் இருக்கிறது. வெளியே எத்தனை பட்டை வைத்தாலும் உள்ளே ஆடும்.

வயதானவர்கள் ஒளூ செய்யும் இடத்திலோ குளியலறையிலோ வழுக்கி விழுகிறார்கள். எழ முடியவில்லை, ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் பெரும்பாலும் இடுப்பு முறிவுதான். பந்துக்குக் கீழே கழுத்துப் பகுதியில் முறிந்து விலகினால் பந்துக்குப் போகும் இரத்தமே நின்றுவிடலாம். அதனால் வயதானவர்களுக்குப் பந்தை மாற்றுகிறோம். அதற்கும் கீழே முறிந்தால் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், எலும்பு கூடும். உள்ளே கம்பி செலுத்தி நிறுத்துகிறோம். இரண்டிலும் நோக்கம், கூடுமானவரை மறுநாளே எழுப்பி உட்காரவைத்து, வாக்கர் பிடித்து நிற்கவைப்பதுதான்.

"இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன், படுக்கையிலேயே இருக்கட்டும்" என்று பிள்ளைகள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். மாதக் கணக்கில் கிடத்தினால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் இரத்தம் உறையும். எலும்பு கூடும் முன்னே ஆள் போய்விடுவார்.

என் உம்மா விழுந்தபோது நானே தயங்கினேன். ஊருக்கெல்லாம் சொல்கிற நான், மேசையிலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று 5 நாள் தள்ளினேன். கம்பி வைத்த எலும்பு ஒழுங்காகக் கூடியது. அந்த 5 நாளில் வந்த படுக்கைப்புண் ஆற அதைவிட அதிக நாள் ஆனது. புண்ணுக்கு மருந்து கட்டும்போதெல்லாம் உம்மா என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

ஆகவே இடுப்பு முறிவு என்று தெரிந்தால் 2 நாளுக்குள் அறுவை நடக்கப் பாருங்கள். இதயமோ சர்க்கரையோ சரியில்லை என்றால் அதைச் சீர்செய்யும் அளவுக்கு மட்டும் மருத்துவர் தள்ளட்டும். பணம் புரட்டுவதற்காக நாம் தள்ள வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவைகள் நடக்கின்றன. காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அதற்கும் மேல் செலவு வந்தால் அறக்கட்டளை அலுவலகத்தில் கேளுங்கள். முதல் நாளே கேளுங்கள்.