குளுக்கோமா என்னும் கண்ணோய்

முதுமையிலே பார்வை மங்குவது இயல்பு என்று எண்ணுவோர் பலர். கண்ணிலே புரை வளர்ந்திருக்கும். அது முற்றியபின் வைத்தியர் அகற்றிவிடுவார். பார்வை முன்போலத் திரும்பிவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. கண்புரையைப் பொறுத்தமட்டில் இந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. மங்கிய வில்லையை எடுத்து, அவ்விடத்திலே செயற்கை வில்லை ஒன்றைப் பொருத்தியதும் இழந்த பார்வை மீள்கின்றது. ஆனால், மங்குகின்ற கண் எல்லாவற்றிலும் இருப்பது புரை அன்று. புரை முற்றட்டும் என்று காத்திருந்து, இறுதியில் வைத்தியரிடம் சென்று, "இது புரையன்று, போன பார்வை இனித் திரும்பாது" என்ற சொல்லைக் கேட்டுத் திகைத்து நிற்போரும் உளர். இவ்வாறு மீளாத பார்வையிழப்பை உண்டாக்கும் நோய்களுள் முதன்மையானது குளுக்கோமா. 2013ஆம் ஆண்டிலே, உலகில் 40 வயதுக்கும் 80 வயதுக்கும் இடைப்பட்டோருள் ஏறக்குறைய 6 கோடியே 40 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

இந்நோயின் தன்மையை அறிய விரும்பும் நேயர்கள் வன்னியிலுள்ள ஒரு குளத்தை மனத்திலே நினைத்துக்கொள்ளலாம். குளத்துக்கு நீர் வந்துகொண்டேயிருக்கும். மதகு வழியே போய்க்கொண்டுமிருக்கும். வரவும் செலவும் ஒத்திருக்கும் வரையில் அணைக்கட்டுக்கு ஆபத்தில்லை. கண்ணும் அத்தகையதே. கண்ணின் முன்பாகத்திலே, கடிகாரத்தின் கண்ணாடிபோலத் தெளிந்த விழிவெண்படலத்துக்கும் வில்லைக்கும் இடையே ஒரு தெளிந்த நீர் நிறைந்திருக்கின்றது. இது கண்ணீர் அன்று. கண்ணுக்குள்ளேயே சுரந்து கண்ணுக்குள்ளேயே வடிவது. கருநிறமான கதிராளிக்குப் பின்புறத்திலே சுரந்து, கண்மணியின் துவாரத்தினூடாக முன்னே வந்து, விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கும் மூலையிலுள்ள சல்லடை போன்ற ஓரிடத்தின் வழியாக வடிந்து, குருதியோடு கலக்கின்றது. விழிவெண்படலத்துக்கும் வில்லைக்கும் உணவளிப்பதும் கண்ணின் வடிவைக் காப்பதும் இந்நீரே.

வடிகால் தடைப்பட்டாற் கண்ணினுள்ளே அமுக்கம் ஏறுகின்றது. இந்த அமுக்கம் பெரும்பாலோரிடத்தில் 10 தொடக்கம் 21 மில்லிமீற்றர் இரசம் வரையில் இருக்கும். இதனைக் குருதி அமுக்கத்தோடு ஒன்றாக எண்ணி மயங்குதல் கூடாது. கையிலே பட்டியைச் சுற்றி அளப்பது வேறு; கண்ணிலே கருவியை வைத்து அளப்பது வேறு. முன்னது சீராக இருப்பவருக்கும் பின்னது மிகுந்திருக்கலாம்.

குளத்திலே நீர் மிகுந்தால் அணையின் நலிந்த இடமே முதலில் உடையும். கண்ணிலே அத்தகைய இடம் பார்வை நரம்பு புறப்படும் வாயில் ஆகும். விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிய இழைகள் அங்கே ஒன்றுகூடி வெளியேறுகின்றன. அமுக்கத்தின் கீழ் அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. மடிந்த இழை மீண்டும் தளிர்ப்பதில்லை. சிலருக்கு நரம்பு இயல்பிலேயே நலிந்திருப்பதால், அமுக்கம் 21க்குக் குறைவாக இருந்தும் இக்கேடு நிகழ்வதுண்டு. ஆதலினாலே அமுக்கத்தை அளப்பதோடு நில்லாது, கண்மணியை விரியச் செய்து நரம்பின் வாயிலையும் பார்த்தல் வேண்டும்.

இந்நோயின் வஞ்சகம் யாதெனில், அது நடுப்பார்வையை முதலிலே தொடுவதில்லை. ஓரப் பார்வையிலேதான் அது தொடங்குகின்றது. நடுப்பார்வை தெளிவாக இருப்பதால் நோயாளி பத்திரிகை படிப்பார். ஊசியிலே நூல் கோப்பார். தூரத்தில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகையையும் வாசிப்பார். ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் ஈடுசெய்துவிடும். எஞ்சிய குறையை மூளையே இட்டு நிரப்பிவிடும். வேதனையில்லை, சிவப்பில்லை, நீர் வடிதலுமில்லை. பழகிய வீட்டிலே கதவுநிலையில் தோள் இடிபடும். படியிறங்கும்போது கால் தவறும். பக்கத்திலே வந்த சைக்கிள் கண்ணிற் படாது போகும். "வயது போய்விட்டது" என்று வீட்டார் கூறுவர். உண்மையில் அதற்குள் நரம்பிழைகளுள் பெரும்பகுதி மடிந்திருக்கக் கூடும்.

மேலே கூறியது வடிகால் மூலை திறந்திருந்தும் சல்லடை மெல்ல மெல்ல அடைபடும் வகை. மற்றொரு வகையும் உண்டு. அதிலே கதிராளி முன்தள்ளி அம்மூலையையே மூடிவிடுகின்றது. இவ்வகை ஆசிய மக்களிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, கூடுதலாகக் காணப்படுகின்றது. மூடுதல் திடீரென நிகழ்ந்தால், கண்ணும் நெற்றியும் பிளப்பதுபோல் வலிக்கும், கண் சிவக்கும், விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையங்கள் தோன்றும், வாந்தியும் வரும். வாந்தியைக் கண்டு வயிற்றுக் கோளாறு என்றும், தலைவலியைக் கண்டு ஒற்றைத் தலைவலி என்றும் மயங்கி மாத்திரை விழுங்கிப் படுத்திருப்போர் உளர். தலைவலி, வாந்தி, மங்கிய பார்வை, சிவந்த கண் என்னும் நான்கும் ஒருங்கே வந்தால், விடியட்டும் என்று காத்திராது அன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே ஒவ்வொரு மணித்தியாலமும் பார்வையின் விலை.

நெடுங்காலமாக இந்நோய்க்கு மருந்தென ஒன்றிருக்கவில்லை. உயிருள்ளவரின் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி நரம்பின் வாயிலைப் பார்க்கும் கருவியை ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1851இல் வெளியிட்ட பின்னரே வழி பிறந்தது. 1857இலே பேர்லின் நகரத்துக் கண் வைத்தியர் வொன் கிரேஃபே, கதிராளியின் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, திடீர்க் குளுக்கோமாவினால் அழியவிருந்த பார்வையைக் காக்க முடியும் என்று காட்டினார். அடுத்து வந்தது மருந்து. மேற்கு ஆபிரிக்காவின் கலபார்ப் பகுதியிலே, குற்றஞ் சாட்டப்பட்டவர்களுக்குச் சோதனையாக ஊட்டப்பட்ட நச்சு விதை ஒன்றுண்டு. அதன் சாரம் கண்மணியைச் சுருக்கி அமுக்கத்தைத் தணிப்பதை 1876இல் லாக்கர் என்ற வைத்தியர் எடுத்துக் கூறினார். அவர்தாமும் இந்நோயினால் வருந்தியவர். கொல்லும் விதையே பார்வையைக் காக்கும் துளியாயிற்று.

இவ்வரலாற்றிலே தமிழகத்துக்கும் ஓரிடம் உண்டு. 1819இல் நிறுவப்பட்ட சென்னைக் கண் வைத்தியசாலையின் தலைவராக இருந்த எலியற் என்னும் ஆங்கிலேயர், 1909இலே புதியதொரு சத்திரசிகிச்சையைச் செய்தார். விழிவெண்படலமும் கண்ணின் வெள்ளைப் பகுதியும் சேரும் விளிம்பிலே, சிறு வட்டக் கத்தியினால் ஒரு நுண்ணிய துவாரம் இட்டு, நீர் வடிவதற்குப் புதுவழி அமைத்தார். சென்னையில் நோயாளரிடத்திற் பழகிப் பெற்ற அனுபவத்தை 1913இல் நூலாகவும் வெளியிட்டார். அம்முறை பல நாடுகளிலும் பல பத்தாண்டுகள் கையாளப்பட்டது. 1968இலே கேம்பிரிட்ஜ் நகரத்துக் கேர்ண்ஸ் என்பவர், துவாரத்தின்மேல் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்தே ஒரு மூடியை விட்டு, நீர் அளவோடு கசியுமாறு செய்யும் முறையை அறிவித்தார். இன்று செய்யப்படும் சத்திரசிகிச்சைகளுள் முதன்மையானது அதன் வழிவந்ததே.

இன்றுள்ள சிகிச்சைகள் பலவாயினும், குளத்தை மறவாதவருக்கு அவை மூன்றே. வரவைக் குறைத்தல், மதகைத் திறத்தல், புது வாய்க்கால் வெட்டுதல்.

வரவைக் குறைப்பவை நீரின் சுரப்பை அடக்கும் மருந்துகள். 1950களிலே வழக்குக்கு வந்த அசெற்றசோலமைட் மாத்திரையும், 1970களின் இறுதியில் வந்த டிமோலோல் துளியும் இவ்வகையின. டிமோலோல் கண்ணில் இடப்படுவதாயினும் குருதியிற் கலந்து நெஞ்சுக்கும் செல்லும். தொய்வு என்னும் ஆஸ்துமா உள்ளவர்களும் இதயத் துடிப்புக் குறைந்தவர்களும் அதனை இடுவது ஆபத்தாகும். ஆகையால் கண் வைத்தியரிடம் நெஞ்சின் நோயையும் மறையாது கூறுதல் வேண்டும். மதகைத் திறப்பவற்றுள், 1996இல் வந்த லட்டனோபுரொஸ்ட் என்னும் துளி இரவிலே ஒரு முறை இட்டாற் போதுமானது. சிலருக்கு அது கண்ணிமை மயிரை நீளச் செய்யும். கதிராளியின் நிறத்தையும் சற்றுக் கருமையாக்கும்.

மதகைத் திறக்க லேசர்க் கதிரும் உதவுகின்றது. திறந்த மூலை வகையில் அச்சல்லடையின்மேல் கதிரைப் பாய்ச்சுவர்; மூடிய மூலை வகையில் கதிராளியிலே சிறு துளையிடுவர். கிரேஃபே கத்தியினாற் செய்ததை இன்று ஒளி செய்கின்றது. இங்கிலாந்திலே 718 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதற் சிகிச்சையாக லேசர் பெற்றவர்களுள் ஏறக்குறைய நான்கில் மூவரின் அமுக்கம் மூன்றாண்டு முடிவிலும் துளிமருந்து இன்றியே கட்டுப்பட்டிருந்தது. துளியும் கதிரும் போதாதவிடத்துப் புது வாய்க்கால் வெட்டவேண்டியதாகின்றது. அது சத்திரசிகிச்சை, சிலருக்கு நுண்ணிய குழாய் ஒன்றையும் பொருத்துவர். சத்திரசிகிச்சையிலே தொற்று, அமுக்கம் அளவுக்கு மீறிக் குறைதல் முதலிய இடர்கள் உண்டு. ஆயினும், விரைந்து கெடும் கண்ணுக்கு அதுவே காவல்.

அமுக்கத்தைக் குறைப்பதால் உண்மையில் நன்மை உண்டா என்று ஐயுறுவோருக்கும் விடையுண்டு. அமெரிக்காவிலே, அமுக்கம் மிகுந்திருந்தும் நரம்பு இன்னும் கெடாதிருந்த 1636 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2002இல் வெளியாயிற்று. ஐந்து ஆண்டுகளில், மருந்து இடாதவர்களுள் 100க்கு 9.5 பேருக்கும், மருந்து இட்டவர்களுள் 100க்கு 4.4 பேருக்கும் நோய் தோன்றிற்று. சுவீடனிலே நோய் தொடங்கியவரிடம் நடந்த ஆய்வில், அமுக்கம் ஒரு மில்லிமீற்றர் குறையுந்தோறும் நோய் வளரும் ஆபத்து ஏறக்குறைய 100க்கு 10 பங்கு குறைந்தது.

ஆனால், இச்சிகிச்சைகள் எவையும் போன பார்வையைத் தருவன அல்ல. இருக்கின்ற பார்வையைக் காப்பதே அவற்றின் தொழில். இவ்வுண்மையை விளங்கிக்கொள்ளாமையினாலேயே கண்கள் பல வீணாகின்றன. காய்ச்சலுக்கு மருந்து குடித்தவர் காய்ச்சல் விடுவதை உணர்கின்றார். குளுக்கோமாவுக்குத் துளி இடுபவரோ எதனையும் உணர்வதில்லை. இட்டபோதும் பார்வை அப்படியே; இடாதபோதும் சில மாதங்களுக்கு அப்படியே. "இதனால் என்ன பயன்?" என்று போத்தலை ஒதுக்கிவிடுகின்றார். இரண்டொரு ஆண்டு கழித்து மீண்டும் வருகையில் நோய் வெகுதூரம் சென்றுவிடுகின்றது. "நேற்றுப்போல இன்றும் தெரிகின்றது" என்பதே இம்மருந்தின் முழு வெற்றி.

துளியை இடுவதற்கும் ஒரு முறை உண்டு. கையைக் கழுவி, தலையைப் பின்சாய்த்து, கீழிமையைச் சற்று இழுத்து, ஒரு துளி மட்டும் விடுதல் வேண்டும். போத்தலின் நுனி கண்ணிலே படலாகாது. பின் கண்ணை மூடி, மூக்கை அடுத்த கடைக்குழியை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திக்கொண்டால், மருந்து தொண்டைக்குள் இறங்காது கண்ணிலே தங்கும். இரண்டாவது மருந்து உண்டாயின் ஐந்து நிமிடம் கழித்தே இடவேண்டும். கை நடுங்கும் முதியவருக்கு மகனோ, மருமகளோ, பேரப்பிள்ளையோ இந்தச் சிறு பணியைச் செய்தல் நன்று. போத்தல் தீருமுன் அடுத்ததைப் பெற்றுக்கொள்வதும் அவர்கள் பொறுப்பாகலாம்.

யார் கண்ணைக் காட்டவேண்டும்? தாய், தந்தை, உடன்பிறந்தோர் ஆகியோருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் ஏனையோருக்கும் அது வரும் வாய்ப்புப் பன்மடங்கு. ஆதலால் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் காணப்பட்டால், மற்றவர்களும் ஒருமுறை கண்ணைக் காட்டுதல் கடமை. கிட்டப்பார்வை மிகுந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், கண்ணிலே அடிபட்டவர்கள் ஆகியோரும் அவ்வாறே. வேறொரு கூட்டத்தாரும் உளர். கண் அரிப்புக்கென்று ஒரு முறை கொடுக்கப்பட்ட ஸ்டீரொயிட் சேர்ந்த துளியை, வைத்தியரைக் கேளாது மருந்துக்கடையிலே திரும்பத் திரும்ப வாங்கி இடுவோரே அவர்கள். அரிப்புத் தணிகின்றது, உள்ளே அமுக்கம் ஏறுகின்றது. இளைஞரும் இவ்வழியிலே பார்வை இழந்ததுண்டு.

நாற்பது வயதை அண்டியவர் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி தேடுவது வழக்கம். கடையிலே கண்ணாடியை மாட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு வருவதோடு காரியத்தை முடியாது, அந்த ஒருநாளை முழுக் கண் பரிசோதனைக்கான நாளாக்கிக்கொள்வது அறிவுடைமை. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களின் போதனா வைத்தியசாலைகளிலும் கண் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அமுக்கத்தை அளக்கவும் நரம்பைப் பார்க்கவும் ஒரு முற்பகல் போதும்.

பார்வையிற் பெரும்பகுதியை இழந்துவிட்டவரும் சிகிச்சையைக் கைவிடலாகாது. எஞ்சியிருப்பது ஒரு சிறு வட்டமாயினும், அவ்வட்டத்துக்குள்ளேதான் மனைவியின் முகமும் பேரப்பிள்ளையின் சிரிப்பும் வீட்டின் வாசற்படியும் அடங்கியிருக்கின்றன. இரவுதோறும் இடும் ஒரு துளி அதனைக் காத்துத் தருமாயின், அத்துளியை மறவாதிருத்தல் பெரிய காரியமன்று.