பாங்காக்: அம்மாவோட போனா எந்த வழி?

பாங்காக் போறவங்களுக்கு எல்லாரும் சொல்ற அட்வைஸ் ஒண்ணுதான்: ரோட்டை நம்பாதே, ட்ரெயின்ல போ. நல்ல அட்வைஸ்தான், ஆனா அதுல படிக்கட்டைப் பத்தி ஒருத்தரும் பேசுறதில்லை. இந்தத் தடவை நான் போனது அம்மாவோட. அவங்களுக்கு 62 வயசு, ரெண்டு முட்டியிலும் வலி.

முதல்ல, ரோடு ஏன் அப்படி ஸ்தம்பிச்சு நிக்குது? மெயின் ரோட்டுல இருந்து பிரியுற தெருவுக்கு அங்க ‘சோய்’னு பேரு. வயலும் கால்வாயுமா இருந்த இடங்கள் அப்படியே மனையாகி, வீடாகி வந்ததுல, நிறைய சோய்கள் உள்ளே போய் முட்டுச்சந்தா முடியும். பக்கத்து சோய்க்குப் போகணும்னாகூட திரும்ப மெயின் ரோட்டுக்கு வரணும். நம்ம பாஷையில சொன்னா அது ஒரு ட்ரீ, குறுக்கே எட்ஜே கிடையாது. அதனால மொத்த டிராஃபிக்கும் மெயின் ரோட்டுக்குத்தான் வந்து சேருது.

இன்னொரு கூத்து, நம்பர். சுகும்வித் ரோட்டுல ஒரு பக்கம் ஒற்றைப்படை சோய், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. ரெண்டும் தனித்தனி கவுன்ட்டர். 55க்கு எதிர்ல 56 இருக்கும்னு நினைச்சுடாதீங்க, அங்க இருக்கிறது 38!

இந்த நெரிசலுக்கு மேல ஓடுறதுதான் பிடிஎஸ் ஸ்கைட்ரெயின். 1999 டிசம்பர்ல 23 ஸ்டேஷன்களோட திறந்தாங்க. அதுல லிஃப்ட் இருந்தது வெறும் அஞ்சு ஸ்டேஷன்லதான். மாற்றுத்திறனாளிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2015 ஜனவரியிலதான், ஒரு வருஷத்துக்குள்ள எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் வைக்கணும்னு தாய்லாந்து உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. நடுவுல 15 வருஷம் போயிருச்சு. வீல்சேர்ல இருக்கிற ஒரு பாங்காக்காரருக்கு அந்த 15 வருஷம் எப்படி இருந்திருக்கும்? நமக்கு நாலு நாள் டூர், அவங்களுக்கு அது தினசரி ஆபீஸ் வழி.

இப்போ லிஃப்ட் நிறைய வந்துருச்சு, ஆனா எல்லா வாசல்லயும் கிடையாது. அதனால எந்த ஸ்டேஷன்னு மட்டும் பார்க்காம, எந்த வாசல்ல லிஃப்ட், அது ரோட்டுக்கு எந்தப் பக்கம்னும் கிளம்புறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. தப்பான பக்கம் இறங்கினா ரோட்டைக் கடக்கத் திரும்ப மேல ஏறணும்.

யூடியூப்ல எல்லாரும் காட்டுற ரெண்டு விஷயத்தை நாங்க தொடவே இல்லை. ஒண்ணு, சோய் முனையில ஆரஞ்சு கோட்டு போட்டுட்டு நிக்கிற பைக் டாக்சி. தனியா போனா அதை மாதிரி வேகம் வேற எதுலயும் இல்லை, ஆனா முட்டி வலிக்கிறவங்க பின்னாடி ஏறி உட்கார முடியாது. இன்னொண்ணு, சேன்சேப் கால்வாய்ப் படகு. அது சில நொடிதான் நிக்கும், விளிம்பைத் தாண்டிக் குதிக்கிற மாதிரிதான் ஏறணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச சவாரி அதுதான், ஆனா அம்மாவோட போறதுக்கானது இல்லை. பதிலா சாவோ பிரயா ஆத்துப் படகு. சபான் தாக்சின் ஸ்டேஷன் பக்கத்திலேயே படகுத்துறை. மேடை தண்ணியில மிதக்குறதால படகுக்கும் மேடைக்கும் உயர வித்தியாசம் கம்மி. கையைப் பிடிச்சுக்கிட்டு ஏறிட்டாங்க. காத்து வாங்கிட்டு, மெரினாவை விட நல்லா இருக்குன்னு சர்ட்டிஃபிகேட் வேற.

மீதி தூரத்துக்கு டாக்சி. காலையில பத்து மணிக்கு மேல, சாயங்காலம் நாலு மணிக்குள்ள வேலையை முடிச்சுக்கோங்க. மீட்டர் 35 பாட்ல ஆரம்பிக்கும். ஒருத்தர் மீட்டர் போட மாட்டேன், 300 பாட் குடுன்னாரு. சிரிச்சுட்டு கதவைச் சாத்திட்டோம். அடுத்த வண்டிக்காரர் கேட்காமலே மீட்டர் போட்டாரு. எக்ஸ்பிரஸ்வேயில போனா டோல் நம்ம செலவு, அது ஏமாத்து இல்லை.

கடைசி நாள் அம்மா கேட்டது சீலோம்ல இருக்கிற மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டுல அங்க குடியேறின தமிழர்கள் கட்டினது. டிரைவர்கிட்ட மாரியம்மன்னு சொன்னேன், புரியலை. அங்க அதுக்குப் பேரு ‘வாட் கேக்’. கேக்னா விருந்தாளி, இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வாங்க. பேரைச் சொன்னதும் தலையாட்டிட்டு வாசல்லயே இறக்கிவிட்டாரு. உள்ளே போனா கும்பிட்டுட்டு இருந்தவங்கள்ல முக்கால்வாசி தாய்லாந்துக்காரங்க. அம்மா செருப்பைக் கழட்டிட்டு, எந்தப் பக்கம் வரிசைன்னு அவங்ககிட்ட தமிழ்லயே கேட்டாங்க. அவங்களும் கையைக் காட்டினாங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.